பட்டு உடுத்திய பீடமும் பசித்திருக்கும் அயலாரும்



காஞ்சிபுரம் என்றதும் எல்லார் நினைவிலும் எழுபவை இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று பட்டு. வானுயர்ந்த கோபுரங்களின் நிழலில் வழிபாட்டு ஒலி ஒருநாளும் ஓய்வதில்லை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களிலோ தறியின் ஓசை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் வழிபாடு, மற்றோரிடத்தில் உழைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவேதான் இந்நகரின் கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நாமும் வாழ்கிறோம். 2002ஆம் ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் நம் நகரமும் அடங்கும்.

ஞாயிறு காலையில் திருப்பலிக்குச் செல்கிறோம். இறைவார்த்தையைக் கேட்கிறோம், நற்கருணை உட்கொள்கிறோம், இறுதி ஆசீர் பெற்று வீடு திரும்புகிறோம். அத்துடன் அந்த வாரத்துக்குரிய நம் வழிபாடு முடிந்துவிட்டதா? கோயிலுக்கு வெளியே ஒரு நோயாளியைப் பார்க்கப் போனால், பசித்தவருக்கு ஒருவேளை உணவு கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? 'அது சமூக சேவை. நல்லதுதான், ஆனால் வழிபாடு வேறு' என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. 'பிறருக்கு உதவி செய்தாலே போதும், கோயிலுக்குப் போக வேண்டியதில்லை' என்று சொல்வோரும் உண்டு. எதிரெதிராகத் தோன்றினாலும் இரு சாராரும் செய்வது ஒன்றே. வழிபாட்டையும் பிறரன்புப் பணியையும் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். திருவிவிலியமும் திருச்சபையின் மரபும் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று சற்றுச் சிந்திப்போம்.

'வழிபாடு' என்னும் சொல்

நம் தாய்மொழியே நமக்கு நல்லதொரு விளக்கம் தருகிறது. 'வழிபடுதல்' என்றால் ஒருவர் காட்டும் வழியில் நடத்தல், அவரைப் பின்பற்றுதல் என்றும் பொருள். அவ்வகையில் இயேசுவை வழிபடுகிறோம் என்றால் இயேசு நடந்த வழியில் நடக்கிறோம் என்றே பொருளாகும். அவர் நடந்த வழி கப்பர்நாகும் தொழுகைக்கூடத்துக்குள் சென்றது. அங்கிருந்து நேராகச் சீமோனுடைய மாமியாரின் நோய்ப் படுக்கைக்கும் சென்றது (மாற் 1:21-31).

திருச்சபை 'திருவழிபாடு' என்று அழைப்பதற்குக் கிரேக்க மொழியில் 'லெய்த்தூர்கியா' என்று பெயர். பழங்காலக் கிரேக்க நகரங்களில் வசதி படைத்த குடிமக்கள் தம் சொந்தச் செலவில் பொதுமக்களுக்காகச் செய்த பணியை இச்சொல் குறித்தது. பின்னர் கோயிலில் குருக்கள் ஆற்றும் திருப்பணிக்கும் இதே சொல் வழங்கலாயிற்று. யோவானின் தந்தை செக்கரியா எருசலேம் கோயிலில் செய்த குருத்துவப் பணியை லூக்கா இச்சொல்லால்தான் குறிப்பிடுகிறார் (லூக் 1:23).

இப்போது புனித பவுல் இச்சொல்லை எங்கே பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். எருசலேமில் வறுமையுற்றிருந்த இறைமக்களுக்காக அவர் கொரிந்து முதலிய சபைகளில் பணம் திரட்டினார். அந்த நிதி திரட்டும் பணியை அவர் 'லெய்த்தூர்கியா' என்று எழுதுகிறார் (2 கொரி 9:12). அப்பணி ஏழைகளின் குறையைப் போக்குவதோடு நின்றுவிடாமல், கடவுளுக்குப் பலர் நன்றி செலுத்தவும் காரணமாகிறது என்பது அவர் தரும் விளக்கம். அதேபோல், சிறையில் இருந்த தமக்குப் பிலிப்பியர் அனுப்பிய உதவியை நறுமணம் கமழும் காணிக்கையாக, கடவுளுக்கு உகந்த பலியாகக் காண்கிறார் (பிலி 4:18). பீடத்துக்கு உரிய சொற்களைப் பவுல் தயக்கமின்றி ஏழைக்குச் செய்யும் உதவிக்குச் சூட்டுகிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

காஞ்சி மண்ணுக்கு இந்த எண்ணம் அந்நியமானதல்ல. வரதராசப் பெருமாள் கோயிலில் இறைவனுக்கு விசிறி வீசும் பணியைத் தம் வாழ்நாள் வழிபாடாகக் கொண்டவர் திருக்கச்சி நம்பி. அப்படிப்பட்ட பணியைக் 'கைங்கரியம்' என்றும் 'தொண்டு' என்றும் இவ்வூர் மக்கள் அழைக்கின்றனர். வறட்சியால் மக்கள் வாடிய காலத்தில் மணிமேகலை காஞ்சி நகருக்கு வந்து, அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்ததாக அக்காப்பியம் கூறுகிறது. பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அந்த மனநிலையோடு நம் அயலாரின் இந்த மரபையும் மதிப்போடு நோக்குகிறோம். கிறிஸ்தவ நம்பிக்கை இதனினும் ஒரு படி மேலே சென்று, நாம் விசிறி வீச வேண்டிய இறைவன் வியர்த்துக் களைத்த மனிதரின் உருவில் நம் முன்னே நிற்கிறார் என்று சொல்கிறது.

இறைவாக்கினர் முதல் இயேசு வரை

பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர்கள் வழிபாட்டுக்கு எதிரிகள் அல்லர். ஆனால் நீதியற்ற வழிபாட்டை அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. ஏழைகளை நசுக்கிக்கொண்டே திருவிழாக் கொண்டாடியவர்களிடம், அந்த விழாக்களை ஆண்டவர் வெறுக்கிறார் என்று ஆமோஸ் முழங்கினார் (ஆமோ 5:21-24). நோன்பு நாளிலும் வேலையாட்களைக் கசக்கிப் பிழிந்தவர்களிடம், கட்டுண்டோரை விடுவிப்பதும் பசித்தோருடன் உணவைப் பகிர்வதுமே தமக்கு ஏற்ற நோன்பு என்று எசாயா வழியாக ஆண்டவர் கூறினார் (எசா 58:3-7). பலியைவிட இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார் என்ற ஓசேயாவின் செய்தியை (ஓசே 6:6) இயேசு பரிசேயருக்கு நினைவூட்டினார் (மத் 9:13).

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் விலகிச் சென்ற குரு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார்? கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்பதால்தான் நிற்கவில்லை என்று நாம் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அவர் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் செல்லும் வழியில் சென்றார் என்று லூக்கா எழுதுகிறார் (லூக் 10:30-31). கோயில் இருந்த நகரை விட்டு வருகிற பாதை அது. அவருக்குக் கோயில் கடமை அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கோயில் பணி செய்யும் ஒருவர், கோயிலுக்கு வெளியே தம் பணி தொடர்கிறது என்று எண்ணவில்லை. இது நம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிய உவமையாகவும் இருக்கக் கூடும் அல்லவா?

இறுதி இராவுணவைப் பற்றி எழுதும்போது மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் நற்கருணை ஏற்படுத்தப்பட்டதை விவரிக்கின்றனர். யோவானோ அந்த இடத்தில் இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடிகளைக் கழுவியதை எழுதுகிறார் (யோவா 13:1-15). அப்பத்தை எடுத்துத் தம் நினைவாகச் செய்யச் சொன்னவரே, காலடிகளைக் கழுவிவிட்டு, தாம் செய்தது போலவே செய்யச் சொல்கிறார். இரண்டுமே அவரது கட்டளைகள். பெரிய வியாழன் மாலையில் திருச்சபை இவ்விரண்டையும் ஒரே திருப்பலியில் நினைவுகூருவது இதனால்தான். 2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று திருத்தந்தை பிரான்சிஸ், உரோமையில் உள்ள கசால் தெல் மார்மோ இளையோர் சிறைக்குச் சென்று அங்கிருந்தவர்களின் காலடிகளைக் கழுவியதை நாம் மறந்திருக்க முடியாது.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்பில் அரசர் கேட்கும் கேள்விகளும் உணவு, தண்ணீர், உடை, தங்குமிடம், நோயாளியைச் சந்தித்தல், சிறைப்பட்டோரைப் பார்த்தல் பற்றியவையே. அங்கே நல்லவர்கள், 'ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்?' என்று வியப்போடு வினவுகிறார்கள். தாங்கள் ஆண்டவரைத் தொட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததையும் தமக்கே செய்ததாக அவர் ஏற்றுக்கொள்கிறார். தெரிந்தே செய்ய வாய்ப்புப் பெற்றவர்கள் நாம்.

தொடக்கத் திருச்சபையின் நடைமுறை

கொரிந்து சபையில் ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளோர் முன்னதாகவே உண்டு குடித்தனர். இல்லாதோர் பசியோடு நின்றனர். புனித பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார். அப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்பது அவரது தீர்ப்பு (1 கொரி 11:17-34). செபங்களில் குறை இருந்ததாக அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஏழையை மறந்ததே அங்கே குறை.

ஏறக்குறைய கி.பி. 155இல் உரோமையில் வாழ்ந்த புனித யுஸ்தீன், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாடு எப்படி நடக்கிறது என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். வாசகங்கள், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும், நன்றி மன்றாட்டு, நற்கருணை விருந்து என வரிசையாகச் சொல்லிவிட்டு, வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணை எடுத்துச் செல்வதையும் குறிப்பிடுகிறார். அடுத்ததாக, வசதியுள்ளோர் விரும்பிக் கொடுக்கும் காணிக்கை தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அதிலிருந்து அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோர் பேணப்படுவதைச் சொல்கிறார். நம் காணிக்கைப் பவனியின் வேர் இங்கே இருக்கிறது. தட்டில் நாம் இடும் காணிக்கை கோயில் செலவுக்கான சந்தா மட்டுமல்ல. ஏழையின் பங்கும் அதில் உண்டு.

கி.பி. 258இல் உரோமையில் மறைசாட்சியான திருத்தொண்டர் புனித லாரன்ஸிடம் அதிகாரி திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்கச் சொன்னபோது, அவர் ஏழைகளை அழைத்து வந்து நிறுத்தி, இவர்களே அச்செல்வம் என்றார் என்பது மரபு. அவருடைய திருவிழா ஆகஸ்ட் 10ஆம் நாள்.

பட்டைப் பற்றி ஒரு மறையுரை

இனி நான் சொல்லப்போவது பட்டு நெய்யும் நகரத்தவராகிய நமக்கென்றே சொல்லப்பட்டது போல் இருக்கும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மத்தேயு நற்செய்தி பற்றி மறையுரைகள் ஆற்றினார் புனித யோவான் கிறிசோஸ்தோம். அவற்றுள் 50ஆவது மறையுரையில் அவர் இப்படி வாதிடுகிறார்: கிறிஸ்துவின் உடலை மதிக்க விரும்புகிறாயா? அப்படியானால் அவர் ஆடையின்றி இருக்கும்போது அவரைப் புறக்கணிக்காதே. கோயிலுக்குள் அவருக்குப் பட்டாடை அணிவித்துவிட்டு, வெளியே குளிரில் நடுங்கும் அவரைக் கடந்து போகாதே. பீடம் பொற்கிண்ணங்களால் நிறைந்திருக்க, கிறிஸ்து பசியால் மடிந்தால் அதனால் என்ன பயன்? முதலில் பசித்தவரின் வயிற்றை நிரப்பு. பிறகு மீதி இருப்பதைக் கொண்டு பீடத்தை அழகுசெய்.

அவர் பீட அலங்காரத்தைத் தடைசெய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதைச் செய், அதையும் விட்டுவிடாதே என்பதுதான் அவரது அறிவுரை. நற்கருணை ஏழைகளுக்கு நம்மைக் கடமைப்படுத்துகிறது என்று கூறும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 1397) இப்புனிதரின் போதனையையே துணைக்கு அழைக்கிறது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் திருத்தந்தை 14ஆம் லியோ வெளியிட்ட 'திலெக்சி தே' என்னும் திருத்தூது ஊக்கவுரை முழுவதும் ஏழைகள்மீது கொள்ள வேண்டிய அன்பைப் பற்றியது.

அன்பர்களே, நம் நகரில் பட்டு எப்படி உருவாகிறது? காஞ்சிப் பட்டின் சிறப்பு 'கோர்வை'. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும்படி நெய்யப்படுவதால், கரை தனியே பிரிந்து வராது. இதை ஒருவர் தனியாகச் செய்ய இயலாது. நெய்பவருக்குப் பக்கத்தில், மறு கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் பல ஆண்டுகளாக ஒரு குழந்தையாகவே இருந்தது. குடும்பத்தின் மருத்துவச் செலவுக்கோ திருமணத்துக்கோ பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவரும் சிறுமியரும் தறியில் உட்கார்த்தப்பட்டனர். கடன் அடையும்வரை அவர்களால் வேறிடம் போக முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. ஆயினும், 2003ஆம் ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதன்பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்த முயற்சிகளால், பள்ளிக்கல்வி பரவியதால் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்கிறது. பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் அந்த விலக்கு எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதைக் கவனிக்கும் பொறுப்பு அயலாராகிய நமக்கு உண்டு.

மாதா சுரூபத்துக்குப் பட்டுச் சேலை சாத்தும்போதும், மகளின் திருமணத்துக்குப் பட்டு எடுக்கும்போதும், கிறிசோஸ்தோம் நம்மிடம் கேட்பார்: இதை நெய்தவருக்கு உரிய கூலி கிடைத்ததா? அவருடைய பிள்ளை பள்ளிக்குப் போனதா? இக்கேள்விகளைக் கேட்பதும் வழிபாட்டின் ஒரு பகுதிதான். நீதி இல்லாத இடத்தில் தர்மம் கொடுப்பது, எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதாகவே முடியும்.

கோர்வை இன்னொன்றையும் நமக்குக் கற்பிக்கிறது. உடலும் கரையும் போலத்தான் திருப்பலியும் பிறரன்பும். நெய்து முடித்த துணியில் கரையைத் தனியாகத் தைத்து ஒட்டவில்லை. நெய்யும்போதே ஒவ்வோர் இழையிலும் கோத்திருக்கிறோம். 2005ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளிட்ட 'கடவுள் அன்பாயிருக்கிறார்' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், செயல்வடிவ அன்பாக மாறாத நற்கருணைக் கொண்டாட்டம் தன்னிலேயே உடைந்து போனது என்ற கருத்தைத் தருகிறார் (எண் 14). இறைவார்த்தையை அறிவித்தல், அருளடையாளங்களைக் கொண்டாடுதல், அன்புப் பணி ஆற்றுதல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத திருச்சபையின் கடமைகள் என்றும், அன்புப் பணியைப் பிறரிடம் விட்டுவிடக்கூடிய நலத்திட்டமாகத் திருச்சபை கருதவில்லை என்றும் அவர் விளக்குகிறார் (எண் 25).

போலம்பாக்கத்து மரத்தடிகள்

வழிபாடாக மாறிய பணிக்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பகுதியில் போலம்பாக்கம் என்றொரு கிராமம் இருக்கிறது. 1955இல் பெல்ஜியம் நாட்டு மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் அங்கே தொழுநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றியவர் அதே நாட்டைச் சேர்ந்த இளம் மருத்துவர் கிளேர் வெல்லூட். இவர் துறவற சபைக் கன்னியர் அல்லர். திருமணம் செய்யாமல் தம் வாழ்வைப் பணிக்கு ஒப்புக்கொடுத்த கத்தோலிக்கப் பொதுநிலைப் பெண்.

அக்காலத்தில் தொழுநோயாளி என்றால் ஊரைவிட்டு ஒதுக்கி, தனி இல்லத்தில் அடைத்து வைப்பதே வழக்கம். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமும் அதற்குத் துணை நின்றது. அச்சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. ஹெமரிக்ஸ் இதை மாற்றினார். நோயாளி மருத்துவமனையைத் தேடி வர வேண்டாம், மருத்துவர் நோயாளியைத் தேடிப் போகட்டும் என்றார். வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில், சாலையோரத்தில் ஒரு குறிப்பிட்ட மரத்தின் நிழலில் மருத்துவக் குழுவின் வண்டி வந்து நிற்கும். சுற்றியுள்ள கிராமத்தார் அங்கே கூடுவர். சோதனை, புண்ணுக்குக் கட்டு, டாப்சோன் மாத்திரை, ஆறுதல் வார்த்தை எல்லாம் அந்த மரத்தடியிலேயே. நோயாளி தன் வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரிய வேண்டியதில்லை. 'மரத்தடி மருத்துவமனை' என்று இம்முறை பின்னர் பல நாடுகளில் பேசப்பட்டது.

ஹெமரிக்ஸ் விடைபெற்ற பின் பொறுப்பு வெல்லூட் அம்மையாரிடம் வந்தது. அவர் இந்தியக் குடியுரிமை பெற்று, இந்நாட்டவராகவே பல பத்தாண்டுகள் உழைத்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980களில் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின், தொழுநோயை முழுமையாகக் குணப்படுத்த முடிந்தது. தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டதாக 2005 இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் நோய் முற்றிலும் மறைந்துவிடவில்லை; அதைப் பற்றிய அச்சமும் மறையவில்லை.

மொலோக்காய் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து 1889இல் இறந்த புனித தமியானும் பெல்ஜியம் நாட்டவரே. 2009 அக்டோபர் 11 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் பெயரைத் தாங்கிய அமைப்பு இன்றும் இந்தியாவில் தொழுநோய், காசநோய்ப் பணிகளில் ஈடுபட்டுள்ளது. பீடத்தில் கிறிஸ்துவின் உடலைக் கையில் ஏந்திய தமியான், அதே கைகளால் நோயாளரின் புண்களைக் கழுவினார். போலம்பாக்கத்து மரத்தடியில் பீடமும் மெழுகுதிரியும் இல்லை. ஆனால், ஊரார் தொடத் தயங்கிய கையை ஒருவர் பிடித்துப் பார்த்தபோது, மத்தேயு 25ஆம் அதிகாரம் அங்கே நிறைவேறியது.

எது பணியை வழிபாடாக்குகிறது?

எல்லா உதவியும் தானாகவே வழிபாடாகிவிடுமா? இதைப் பற்றிய தெளிவு நமக்குத் தேவை.

முதலாவது, நற்கருணையிலிருந்து புறப்பட வேண்டும். திருச்சபையின் செயல்கள் அனைத்தும் நோக்கிச் செல்லும் சிகரமும், அவற்றின் ஆற்றல் சுரக்கும் ஊற்றும் திருவழிபாடே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது (திருவழிபாடு, எண் 10). ஊற்றை மறந்த பணி நாளடைவில் களைப்பிலோ கசப்பிலோ முடியும். 'சேவை போதும், திருப்பலி வேண்டாம்' என்போருக்கு இதுவே பதில். மார்த்தாவின் உழைப்பை இயேசு பழிக்கவில்லை. அவரது கவலையையும் கலக்கத்தையும்தான் சுட்டிக்காட்டினார் (லூக் 10:38-42).

இரண்டாவது, உதவி பெறுபவரை மதிக்க வேண்டும். பீடத்தின் முன் தலைவணங்குகிறோம். ஏழையின் முன் தலை நிமிர்த்தி, புகைப்படம் எடுத்து, சுவரொட்டியில் பெயர் போட்டுக் கொடுக்கும் உதவியில் வணங்கப்படுவது யார்? வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பதே இயேசுவின் போதனை (மத் 6:2-4).

மூன்றாவது, கைம்மாறு எதிர்பார்க்கக் கூடாது. பிறரை நம் சமயத்துக்கு இழுக்கும் கருவியாகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அன்பு இலவசமானது என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அதே சுற்றுமடலில் தெளிவுபடுத்துகிறார் (எண் 31). பல சமயத்தார் கூடி வாழும் காஞ்சியில் இதை நாம் சொல்லாலும் செயலாலும் காட்ட வேண்டும்.

நான்காவது, அது நமக்குச் சற்று வலிக்க வேண்டும். பலி என்றால் நம்முடையதை விட்டுக்கொடுத்தல். பழைய துணியும் மீந்த சோறும் கொடுப்பதோடு நின்றுவிட்டால், பழுதுள்ள ஆட்டைப் பலியிட்டவர்களை மலாக்கி கண்டித்தது (மலா 1:8) நமக்கும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் தேவையில்லை. ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் தொடங்கலாம்.

1. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் 'பிடி அரிசி' வழக்கம் நம் பங்குகள் பலவற்றில் உண்டு. அதை மீண்டும் உயிர்ப்பித்து, மாதம் ஒருமுறை காணிக்கைப் பவனியில் பீடத்துக்குக் கொண்டுவந்து, அன்றே தேவைப்படும் குடும்பத்துக்குச் சேர்ப்போம். அந்தக் குடும்பம் எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும் சரியே.

2. குழித்தறியில் வாழ்நாளைக் கழித்து, கண் மங்கி, கால் முடங்கிப்போன முதிய நெசவாளர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் அவர்களோடு அமர்ந்து பேசுவோம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பதும், கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் இளைஞர் குழுவால் முடியாதவை அல்ல.

3. பட்டு வாங்கும்போது கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை கொடுப்போம். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது நெசவாளரின் வயிற்றில் அடிப்பதாகும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். நாமே முதலாளிகளாக இருந்தால் கூலியை உரிய நாளில் கொடுப்போம். பிடித்து வைக்கப்பட்ட கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக் 5:4).

4. பள்ளி நேரத்தில் தறியிலோ கடையிலோ ஒரு குழந்தையைக் கண்டால் கண்டும் காணாமல் போகாதிருப்போம். முதலில் அக்குடும்பத்தின் நெருக்கடியை அறிந்து உதவுவோம். தேவையெனில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைப்போம். கடனால் கட்டுண்ட குடும்பத்தை மீட்பது எசாயா சொன்ன நோன்புக்கு நேரான செயல்.

5. தோலில் உணர்ச்சியற்ற, நிறம் வெளுத்த அல்லது சிவந்த படை இருந்தால் அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சிகிச்சை இலவசம். முன்னரே கண்டால் ஊனம் வராது. வெட்கப்பட்டு மறைப்பவரோடு துணைக்குச் செல்வது, போலம்பாக்கத்து மரத்தடியில் நாமும் ஓர் இடம் பெறுவதாகும்.

6. ஆண்டுதோறும் பொதுக்காலம் 33ஆம் ஞாயிறை உலக வறியோர் நாளாகத் திருச்சபை 2017 முதல் கடைப்பிடிக்கிறது. அன்று ஏழைகளுக்கு உணவு பரிமாறுவதோடு அமையாமல், அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். கொரிந்து சபையில் நடந்ததற்கு அதுவே பரிகாரம்.

அன்பர்களே, திருப்பலியின் முடிவில் குருவானவர் நம்மை அனுப்பி வைக்கிறார். கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பாக அதைக் கேட்டால் நம் வழிபாடு வாசலோடு முடிந்துவிடும். பணிக்கு அனுப்பும் கட்டளையாகக் கேட்டால், வாசலில் கையேந்தி நிற்பவரிடமும் வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரிடமும் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் அயலாரிடமும் அது தொடரும். அடுத்த ஞாயிறு அந்த வாரத்தின் பெயர்களையும் முகங்களையும் சுமந்துகொண்டு மீண்டும் பீடத்தின் முன் வருவோம். அப்படி வருகிற காணிக்கையை ஆண்டவர் ஒருபோதும் தள்ளிவிடமாட்டார்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, உம் திருமகன் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து சீடர்களின் காலடிகளைக் கழுவினார். அவருடைய உடலை உண்ணும் நாங்கள் அவரைப் போலவே குனியக் கற்றுத் தாரும். எங்கள் நகரின் தறிகளில் உழைக்கும் கைகளை ஆசீர்வதியும். அவர்களின் பிள்ளைகள் கற்று வளரவும், உழைப்புக்கேற்ற கூலி அவர்களுக்குக் கிடைக்கவும், அதற்காக நாங்கள் துணை நிற்கவும் அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.